வாத்தியார் பதில்கள்: மடக்கிய விரல்

கேள்வி: இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பாடம் நடத்துவதை வீடியோ எடுத்து அடுத்த பயிற்சிக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். குறை கண்டுபிடிக்கத்தானே சார் இது?
- ஒரு வாசகி, செய்யாறு

பதில்: பயம் புரிகிறதும்மா. முப்பது வருஷம் பாடம் நடத்திய நானே, என் வீடியோவை முதலில் பார்த்தபோது கூசிப்போனேன். "ஏழும் அஞ்சும் எத்தனை?" என்று கேட்கிறேன். ஒரு பையன் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறான். அதற்குள் நானே "பன்னிரண்டு!" என்கிறேன். மடக்கிய விரலோடு அவன் என்னையே பார்க்கிறான். வகுப்பில் அது என் கண்ணில் படவே இல்லை!

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதைத்தான் சொன்னார்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருப்பது சுமார் 1 விநாடி. 3 விநாடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது.

போனைக் கரும்பலகை ஓரம் வையுங்கள். உங்கள் முகத்தைவிடப் பிள்ளைகள் முகம்தான் முக்கியம். பத்து நிமிஷம் போதும். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பெற்றோரிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். மார்க் போடத்தான் கேட்கிறார்கள் என்றால், "எதற்கு சார்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.