ஏரிக்கரை நோட்டு

அன்புள்ள அம்மா,

நான் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் விலங்கியல் உதவிப் பேராசிரியர். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் துறையிலிருந்து ஆண்டுதோறும் ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. பாதிக்கு மேல் ஒரே மாதிரி. ஏதாவது ஓர் இலையின் சாற்றில் வெள்ளி நானோ துகள் தயாரித்து, அது கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பது. வேம்பு முடிந்தால் துளசி, துளசி முடிந்தால் நொச்சி. நானும் அப்படி நான்கு எழுதியிருக்கிறேன். இப்போது ஓர் இதழ், பணம் கட்டினால் பதினைந்து நாளில் வெளியிடுகிறோம் என்கிறது. பதவி உயர்வுக்கு எண்ணிக்கை வேண்டும். கட்டலாமா? எங்களைப் போன்ற சின்ன இடங்களில் நடக்கும் ஆராய்ச்சியை யார் மதிக்கிறார்கள்? பெரிய நிறுவனத்துக்கு மாறிப் போவதுதான் வழியா?

பின்குறிப்பு: எங்கள் வளாகத்துக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக மாதம் இரண்டு முறை போய் நீர்மட்டம், பறவைகள், வலையில் விழும் மீன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவருகிறேன். ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது, ஒரு பழக்கம். நீங்கள் நீர்நிலைகளைப் பற்றி எழுதுவதால் சொன்னேன்.

(பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன)

அன்புள்ள தம்பி,

பணம் கட்டாதீர்கள். 2018 மே மாதம் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தான் அங்கீகரித்த ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியது. அவற்றில் காசு கட்டி எழுதியவர்கள் அன்றைக்கு என்ன பாடுபட்டார்கள் என்று உங்கள் மூத்தவர்களைக் கேட்டாலே தெரியும். பதவி உயர்வு விதிகளை உங்கள் சங்கத்துக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மாறிப் போவது வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் பின்குறிப்பு. ஏழு வருடம், மாதம் இரண்டு முறை. இதைக் கடிதத்தின் வாலில் வைத்து, ஏதோ தப்புச் செய்தவர் போல, பழக்கம் என்று எழுதுகிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா? நான்கு நானோ கட்டுரைகளை முதலில் சொல்லத் தோன்றியது, இதைச் சொல்லத் தயக்கமாக இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

என் அத்தை வீடு பரங்கிப்பேட்டையில். சின்ன வயதில் விடுமுறைக்கெல்லாம் அங்கே போய்விடுவேன். வெள்ளாறு கடலில் சேரும் ஊர். பேராசிரியர் ஆர்.வி.சேஷய்யா தொடங்கிவைத்த, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. விடிகாலையில் படகில் மாணவர்கள் போவார்கள். துணி போல மெல்லிய கண்ணுள்ள வலையை இழுப்பார்கள். தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சீட்டு ஒட்டுவார்கள். அடுத்த வாரமும் அதே இடம், அதே வேலை. அத்தை அவர்களை ‘ஆராய்ச்சிப் புள்ளைங்க’ என்பாள். ஒருநாள் கரையில் நின்ற ஒருவரிடம், போன வாரம்தானே இதே தண்ணியை எடுத்தீங்க என்று கேட்டேன். “போன வாரம் உப்பு வேற பாப்பா” என்றார். கூட்டிப்போய் நுண்ணோக்கியில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் காட்டினார். உள்ளே கண்ணும் முள்ளுமாக ஏதோ துள்ளியது. நண்டுக் குஞ்சு என்றார். நண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை எனக்கு.

அவர் சொன்ன உப்பைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஐப்பசி கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் முகத்துவாரம் வரைக்கும் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். சித்திரை வைகாசியில் அதே இடத்தில் கடல் உப்பு. உப்புக்குப் பழகின உயிர்கள் வெள்ளத்தில் ஒதுங்கும், இல்லை சாகும். மழை ஓய்ந்து உப்பு ஏற ஏற ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். எது முதலில் வருகிறது, எது தாமதிக்கிறது என்பதை விமானத்தில் வந்து மூன்று நாளில் திரும்பிப் போகிறவரால் சொல்ல முடியாது, அவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும். பக்கத்தில் குடியிருக்கிறவர்தான் சொல்ல முடியும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். அந்தக் கரையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதே நிலையத்தைச் சேர்ந்த கதிரேசனும், ராஜேந்திரனும் 18 கடலோரக் குப்பங்களில் கணக்கு எடுத்தார்கள். எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு சொத்து போயிற்று, கடலிலிருந்து வீடு எவ்வளவு தூரம், தரை எவ்வளவு மேடு, நடுவில் எவ்வளவு பச்சை. பக்கத்துப் பிச்சாவரம் சதுப்புக் காட்டின் சுரபுன்னையும் வெண்கண்டலும் அவர்கள் காலம் காலமாகப் பார்த்துக்கொண்டிருந்த மரங்கள். (சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரமும் அந்தச் சதுப்புக் காட்டு மரம்தான்.) தூரம், மேடு, காடு மூன்றும் கூடக்கூடச் சாவும் சேதமும் குறைந்தன என்று 2005இல் எழுதினார்கள்.

மறு வருடமே மறுப்பு வந்தது. கெர் என்பவரும் அவருடைய இரு தோழர்களும் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். தூரத்தையும் மேட்டையும் கழித்துவிட்டால் காட்டின் பங்கு என்று மிஞ்சுவது மிகக் கொஞ்சம், காட்டை நம்பி மக்களைக் கரையில் உட்கார வைக்காதீர்கள் என்றார்கள். அதற்கும் பதில் வந்தது. நெதர்லாந்திலிருந்து ஒருவரும் தாய்லாந்துக்காரர் ஒருவரும் இன்னொரு முறையில் கணக்கிட்டு, காடு காத்தது உண்மைதான் என்றார்கள். யார் சரி என்பதில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மேடும் தூரமும்தான் பெரிது, காடு அதற்குத் துணை என்று நினைக்கிறேன். அது கிடக்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. உலகத்தின் மூன்று மூலைகளில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள் எல்லோருடைய மேசையிலும் இருந்தது அந்தப் பதினெட்டுக் குப்பங்களின் எண்கள். அவற்றை எடுத்தவர்கள் சாவு வீடுகளின் வாசலில் போய் நின்று கேட்டவர்கள். கெர் எங்கே வேலை பார்த்தவர் தெரியுமா? பசிபிக் கடலில் குவாம் என்று ஒரு தீவு, அந்தத் தீவின் பல்கலைக்கழகத்தில். மாணவர்கள் சில ஆயிரம் பேர்தான். சின்ன இடத்தை யார் மதிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஒரு சின்ன இடம் எழுதியது, இன்னொரு சின்ன இடம் வரி வரியாகப் படித்துத் தப்புக் கண்டுபிடித்தது. ஒரு கட்டுரைக்கு இதைவிட என்ன மதிப்பு வேண்டும்? உங்கள் நொச்சி இலைக் கட்டுரையில் யாராவது தப்புக் கண்டுபிடித்திருக்கிறார்களா?

அந்த ஆய்வில் எனக்கு ஒரு குறை உண்டு. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டில், காட்டுக்குப் பின்னால் குடியிருப்பு அமைவது நல்லது என்றார்கள். உயிர்ப் பயத்தில் அது சரி. ஆனால் விடிவதற்குமுன் வாசலில் நின்று கடலைப் பார்த்துத்தான் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற மனிதன், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து எதைப் பார்ப்பான்? வலையை, எஞ்சினை யார் தூக்கிவருவது? இரவில் படகுக்கு யார் காவல்? அப்படிப்பட்ட கேள்வியைக் குப்பத்துக்காரர்தான் கேட்க முடியும். அவர் கேட்க வேண்டுமானால் ஆய்வு அவர் கைக்குத் தமிழில் வர வேண்டும். தமிழில் எழுதினால் உங்கள் ஆட்களுக்கு மதிப்பெண் கிடைப்பது கடினம் என்பது தெரியும். கிடைக்காவிட்டால் போகிறது, எழுதுங்கள். உங்கள் ஏரியில் வலை போடுகிறவர் உங்கள் முதல் வாசகர். அவரிடம் படித்துக் காட்டாமல் எந்த இதழுக்கும் அனுப்பாதீர்கள்.

இவ்வளவு சத்தம் போடுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எம்.ஃபில் சேர்ந்தபோது, எங்கள் கரையில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவர்கள் வைத்திருக்கும் பேர்களைச் சேகரிக்க நினைத்தேன். கொண்டல், கச்சான், வாடை என்று நமக்குத் தெரிந்தது நாலைந்து. அத்தை வீட்டுக்கு எதிரே திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒரே மாலையில் பதினேழு பேர் சொன்னார். எந்த மாதம், எந்த நாழிகை, அதில் எந்த மீன் என்பதோடு. நெறியாளர் என் குறிப்பைப் பார்த்துவிட்டு, இதில் கோட்பாடு இல்லையே அம்மா என்றார். நல்ல மனிதர்தான். நான் எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொன்ன தலைப்பில், வெளிநாட்டுப் புத்தகங்களை வைத்து நூற்று நாற்பது பக்கம் எழுதிப் பட்டம் வாங்கினேன். அதை இன்றுவரை திறந்து பார்த்ததில்லை. பெரியவர் இரண்டு வருடத்தில் போய்விட்டார். அந்தப் பதினேழில் இன்று எனக்கு நினைவிருப்பது ஒன்பது. மீதி எட்டையும் கேட்டு அந்தக் கரையில் எத்தனையோ வீட்டுப் படி ஏறிவிட்டேன். கிடைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்த நோட்டைப் பழக்கம் என்று சொல்லாதீர்கள். ஜிலேபி மீன் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது 1952இல். இன்று அது இல்லாத ஏரி எங்கே? அது வந்த பிறகு எந்த ஏரியில் எந்த ஆண்டு எந்த நாட்டு மீன் குறைந்தது என்று கேட்டால், ‘முன்னெல்லாம் நிறைய இருந்தது’ என்று பெருமூச்சு விடுவார்கள். ஊருக்கு ஒருவர் மாதம் இரண்டு முறை போய் எழுதிவைத்திருந்தால் போதும். நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள்.

முதலில் நோட்டுகளை நகல் எடுத்து வேறு ஒரு வீட்டில் வையுங்கள். போன நாள், நேரம், வலையின் கண்ணளவு, வலை போட்டவர் சொன்ன மீன் பேர், எதையும் அடித்துத் திருத்த வேண்டாம். போக முடியாத மாதங்களைப் போகவில்லை என்றே எழுதுங்கள். பின்னால் ஊகித்து நிரப்பிவிடாதீர்கள்.

அப்புறம் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இந்த ஏழு வருடத்தில் உங்கள் ஏரி எந்தெந்த வருடம் நிரம்பி, மிகைநீர் போகும் கலங்கல் வழிந்தது? வழிந்ததற்கு அடுத்த கோடையில் வலையில் விரால் கூடியதா, குறைந்ததா? நோட்டைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம்.