ஆரியங்காவில் நின்ற பால் லாரி

அன்புள்ள ஐயா,

புளியரைப் பக்கம் சின்னதாக ஒரு பால் கொள்முதல் நிலையம் வைத்திருக்கிறேன். இரண்டு வேளையும் சேர்த்து முந்நூறு லிட்டர் வரும். இதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, தராசு முத்திரை, பஞ்சாயத்து உரிமம் என்று வருஷம் பூராவும் அலைச்சல்தான். யாராவது பார்வையிட வந்தால் அரைநாள் வேலை போச்சு. சிலரைக் ‘கவனிக்க’ வேண்டியும் இருக்கிறது. 2023 ஜனவரியில் மலைக்கு அந்தப் பக்கம், கேரளச் சோதனைச் சாவடியான ஆரியங்காவில் பிடித்த பால் லாரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு துறை கலப்படம் என்றது, இன்னொரு துறையின் ஆய்வகம் இல்லை என்றது. இந்தச் சட்டங்களால் யாருக்கு லாபம்? கெட்ட பாலை விற்றால் ஜனங்களே வாங்காமல் போய்விடுவார்கள். அரசு ஒதுங்கி நின்றால் போதாதா?

ம., புளியரை

அன்புள்ள ம.,

தராசு முத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. செங்கோட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு எருமைகள் நின்றன. பால் எடுக்க வருகிற வியாபாரி அவருடைய படியில்தான் அளப்பார். அதன் அடித்தகட்டை உள்ளிருந்து தட்டி வெளியே பிதுக்கி வைத்திருந்தார். வீட்டுப் படியில் நாலு படி இருக்கும் பால், அவர் படியில் மூன்றே முக்காலாகிவிடும். அம்மாவுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஊற்றினாள். காலையில் கறந்த பால் மாலைவரை காத்திருக்காது, வேறு ஆளும் கிடையாது. பிறகு பால் கூட்டுறவு சொசைட்டி வந்தது. முத்திரை போட்ட அளவை, ஃபேட் (கொழுப்பு) பார்த்து விலை, சிட்டையில் கணக்கு. அந்தச் சிட்டைகளை அம்மா அரிசிப் பானைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். பிடிக்காவிட்டால் விலகிப் போகலாம் என்பதெல்லாம், போக வேறு இடம் இருக்கிறவர்களுக்குத்தான்.

வாங்குகிறவர் நிலை இன்னும் மோசம். 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்து ஆய்வு செய்தார்கள். கலப்படம் என்று சிக்கியவை வெறும் 12. அதில், பால் கெடாமலிருக்கச் சேர்க்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற ரசாயனம் இருந்தவை 6. ஆனால் அதே ஆய்வில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நஞ்சு வரம்பு மீறி இருந்த மாதிரிகள் 5.7 சதவீதம். தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88, கேரளத்தில் 187-இல் 37. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கதைதான்.

இதை யாரும் பாலில் ஊற்றுவதில்லை. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் வழியாக மாட்டின் வயிற்றுக்குள் போய்ப் பாலில் வருகிறது. சாரல் காலத்தில் உங்கள் ஊரில் தீவன மூட்டை எப்படி ஈரம் கோத்துக் கிடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சினாலும் இது போகாது. நிறத்திலோ மணத்திலோ ருசியிலோ தெரியாது. ஈரலைக் கெடுக்கிற பொருள் இது. பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுக்கிற தாய் எதைப் பார்த்துக் கடையை மாற்றுவாள், சொல்லுங்கள். இங்கே அரசு ஒதுங்கக் கூடாது என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

ஆனால் அரசு எங்கே நிற்கிறது? மலையேறிப் போய்ச் சாவடியில் நிற்கிறது. ஆரியங்காவில் நின்றது 15,300 லிட்டர். கேரளப் பால்வளத் துறை பெராக்சைடு இருக்கிறது என்றது, உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வகம் இல்லை என்றது. பெராக்சைடு நேரம் போகப் போகத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். சட்டமோ ஆய்வாளர் அறிக்கை தர 14 நாள் கொடுக்கிறது. தாமதமாகச் சோதித்து ‘இல்லை’ என்றால், முதலிலேயே இல்லையா, இருந்து மறைந்ததா? பால் அனுப்பியவர் குற்றமற்றவர் என்றும் ஆகவில்லை, குடிப்பவருக்கு நிம்மதியும் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் குழப்பத்துக்குச் சட்டம் மட்டும் காரணமில்லை, இரண்டு துறைகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சோதிக்காததும் காரணம்.

வேண்டாத கெடுபிடியை நீக்கலாம் என்பதற்கும் எல்லையிலேயே சாட்சி உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் போயின. அதற்கு முன் கோவை–பாலக்காடு சாலையில் எல்லையில் இருக்கும் வாளையாரில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். அந்தக் காத்திருப்பை இன்று யாரும் திரும்பக் கேட்பதில்லை. உங்களிடம் மூன்று துறைகள் மூன்று நாள் வருவதை ஒரே நாளாக்கச் சொன்னால் பாலின் தரம் ஒன்றும் குறைந்துவிடாது. பெரிய பால் கம்பெனிக்கு இதையெல்லாம் பார்க்கத் தனி ஆள் இருக்கிறார். நீங்கள் கேனை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. அந்த அரைநாளை எந்தத் துறையும் செலவாக எழுதுவதில்லை. ஆட்களையும் கருவிகளையும் சாவடியிலிருந்து தீவனக் கிடங்குக்கும் உங்களைப் போன்றவர்களின் கொள்முதல் நிலையத்துக்கும் கொண்டுவரச் சொல்லித்தான் நாம் சண்டை போட வேண்டும்.

‘கவனிப்பது’ பற்றி ஒன்று. உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுத்தால் அதற்கு விலை கொடுக்க வேண்டும், நாலு பங்காகப் பிரிக்க வேண்டும், நீங்கள் கேட்டால் நாலாவது பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. ஆய்வுச் செலவு உங்களுடையது, ஆனாலும் கேளுங்கள். ஒரு நோட்டுப் போட்டு யார் வந்தார், எப்போது எடுத்தார், முடிவு எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வாருங்கள். அடுத்த சாரலுக்குள் அந்த நோட்டை எனக்கு அனுப்பினால் பெயர் சொல்லாமல் இங்கேயே வெளியிடுகிறேன்.