முன்பணம் கட்டுவதற்கு முன்

சென்ற வாரம் பிளஸ் டூ முடித்த மகளுடன் ஒரு பெற்றோர் படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு முன்பணம் கட்ட இரண்டே நாள் இருப்பதாகவும், இதை விட்டால் பெண்ணின் எதிர்காலமே போய்விடும் என்று தாய்மாமன் சொல்வதாகவும் கலங்கினார்கள். மகளோ, பாட்டியின் கையெழுத்தை ஸ்கேன் செய்து, ஐசிங் ஷீட் எனப்படும் உண்ணத்தக்க சர்க்கரைத் தாளில் அச்சிட்டு வாங்கி, தான் சுட்ட பிறந்தநாள் கேக்கின் மேல் பதித்திருந்த படத்தைக் காட்டினாள். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள் என்றே சொன்னேன். அவளுக்கு விருப்பமில்லாத படிப்புக்கு நான்கு ஆண்டுக் கட்டணம் செலுத்துவதற்கு மாமா பொறுப்பேற்கப் போவதில்லை.

பொறியியலைப் பற்றி உறவினர்களே போதிய அளவு சொல்லிவிட்டார்கள். அவர்கள் "கேக் கடை" என்று ஒதுக்கும் வேலையில் இருக்கும் நுட்பத்தைப் பாருங்கள். இங்க்ஜெட் பிரிண்டரில் உண்ணத்தக்க நிறமிகள் கொண்ட மையை நிரப்பி, மாவுச்சத்தாலான வேஃபர் ஷீட்டிலோ சர்க்கரையாலான ஐசிங் ஷீட்டிலோ படத்தை அச்சிடுகிறார்கள். க்ரீமின் ஈரம் பட்டால் வேஃபர் சுருங்கி நெளியும், ஐசிங் ஷீட்டில் நிறம் கசியும் என்பதால், எந்த மேற்பரப்பில் எப்போது ஒட்டுவது என்பதே பாதி வித்தை. சில நாள் அச்சிடாமல் விட்டால் மை காய்ந்து, அது வெளிவரும் பிரிண்டரின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். குழந்தையின் முகத்தைப் போலவே பிஸ்கட் வேண்டுமென்றால், புகைப்படத்திலிருந்து நான்கைந்து கோடுகளை மட்டும் பிரித்தெடுத்து, கணினியில் மாவை வெட்டும் கட்டராக வடிவமைத்து, முப்பரிமாண அச்சில் எடுக்க வேண்டும்; அதன் பிறகும் மாவைக் குளிரவைக்காமல் அடுப்பில் வைத்தால் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். கணினி அறிவு வீணாகும் என்று அஞ்சும் தந்தை இதைக் கவனிக்க வேண்டும்.

அடிப்படை வேலையைக் கற்க, பத்தாம் வகுப்புத் தகுதியுடன் ஐ.டி.ஐ.களில் ஓராண்டு பேக்கர் அண்ட் கன்ஃபெக்ஷனர் பிரிவு இருக்கிறது. பட்டம் வேண்டுமென்றால், முப்பரிமாண உணவு அச்சில் ஆய்வு செய்துவரும் தஞ்சாவூர் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் படிக்கலாம், அதற்கு ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் ஆண்டில் பிரிண்டர் வாங்கக் கூடாது. தாள்களை வெளியில் அச்சிட்டு வாங்கினால் போதும். நகையை அடகு வைக்கவே கூடாது. வீட்டிலுள்ள பழைய பிரிண்டரில் உணவு மையை ஊற்றும் யோசனையையும் மறந்துவிடுங்கள், முன்பு ஓடிய மை அதன் உள்ளே தங்கியிருக்கும். உணவில் சேர்க்கக் கூடாத ரோடமைன் பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024இல் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததை மறக்க வேண்டாம். விற்கத் தொடங்கும் முன் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் வாங்கிவிடுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரே முகம் கொண்ட நாற்பது பிஸ்கட்டுகளை அவள் தனியாகச் செய்யட்டும். இருபதாவதிலேயே அலுத்துப்போனால் மீண்டும் அழைத்து வாருங்கள், வேறு படிப்பைப் பற்றிப் பேசுவோம்.