சேலத்திலிருந்து கடல் ஆராய்ச்சிக்கு: கேட்டவையும் சொன்னவையும்

பொதுத்தேர்வு முடிந்த கையோடு சேலம் மாவட்டத்து மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் அஸ்தம்பட்டியில் பிறந்து வளர்ந்தவர். ராமேசுவரம் அருகே உள்ள மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடல் மீன்வள ஆராய்ச்சியில் தொழில்நுட்ப அலுவலராக இருந்து ஓய்வு பெற்று, மறுபடி சேலத்துக்கே வந்துவிட்ட அக்கா.

ஓமலூர், +2 மாணவி: அக்கா, கடல் சம்பந்தமாத்தான் படிக்கணும்னு இருக்கேன். "சேலத்துல இருந்துக்கிட்டு கடலா?"ன்னு வீட்ல சிரிக்கிறாங்க. இதுக்கும் நீட் எழுதணுமாங்க?

சிரிக்கட்டும் கண்ணு. என்னோடு வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் கல்லூரிக்குப் போகும்வரை கடலைப் பார்க்காதவர்கள்.

நீட் வேண்டாம். பி.எப்.எஸ்சி. என்ற நான்கு ஆண்டு மீன்வளப் பட்டப்படிப்புக்கு +2 மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கியது. அதற்கு வெகுமுன்பே, 1977இல், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி வந்துவிட்டது. பொன்னேரியிலும் ஒரு கல்லூரி இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. சேலத்திலேயே பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, எம்.எஸ்சி. கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டை போகலாம். வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பி.எப்.எஸ்சி.யில் வளர்ப்பு, வலை, பதப்படுத்துதல், பொருளாதாரம் எல்லாம் வரும். அரசு மீன்துறை வேலைக்கு அதுதான் நேர்வழி. பவளப்பாறை, மிதவை உயிரிகள், கடற்புல் என்று மனது போனால் பரங்கிப்பேட்டை. எதைச் செய்யப் பிடிக்கும் என்று பார்த்து முடிவெடு, பெயரின் கவர்ச்சியைப் பார்த்து அல்ல.

இளம்பிள்ளை, கல்லூரி மாணவர்: கப்பல்ல போய் டால்பின் பாக்குறதுதான் வேலையா அக்கா? உண்மையைச் சொல்லுங்க.

டால்பின் பார்க்கலாம் தம்பி, சம்பளம் அதற்குத் தரமாட்டார்கள். என் வேலையின் பெரும்பகுதி மீன் இறங்குதளத்தில், பாதி நேரம் விடிவதற்கு முன்னால்.

இந்தியக் கடற்கரை நெடுகிலும் ஆயிரத்துக்கும் மேல் இறங்குதளங்கள் இருக்கின்றன. எல்லாப் படகையும் எண்ண ஆள் கிடையாது. ஆகவே எந்த நாள், எந்தத் தளம், எந்தப் படகு என்று மாதிரி எடுத்து, அந்தப் படகின் மீனை இனவாரியாகக் கணக்கிட்டு, அதிலிருந்து மொத்தப் பிடிப்பை மதிப்பிடுவார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் செய்கிறது. படகடியில் நிற்கும் கணக்கெடுப்பாளர் டீக்கடையில் உட்கார்ந்து ஓர் எண்ணைப் போட்டுவிட்டால், மேலே எவ்வளவு பெரிய கணிதம் செய்தாலும் வீண். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆள் அவர்தான். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் கடைசி நன்றி வரியில் வரும். சில கட்டுரைகளில் அங்கேயும் வராது.

ஏலம் முடிந்தால் கூடை பறந்துவிடும். அதற்குள் ஏலம் விடும் அம்மாவிடம் கெஞ்சி, ஒரு கூடையை இழுத்து, ஒவ்வொரு மீனையும் அளவுப் பலகையில் வைக்க வேண்டும். மூக்கு நுனி கட்டையில் முட்ட வேண்டும், வால் நேராகக் கிடக்க வேண்டும். மில்லிமீட்டரில் படித்துச் சொல்ல ஒருவர், எழுத ஒருவர். தாள் நனைந்திருக்கும், பேனா ஓடாது, பென்சில்தான். அடுத்து கழிசல் குவியல். கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகிற அந்தக் குவியலை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் அதையும் பிரித்து எண்ணுவோம். வளர்ந்தால் நல்ல விலைக்குப் போகிற மீன்களின் குஞ்சுகள் அதில்தான் கிடக்கும்.

இத்தனை நீளமும் எதற்கு? வயதுக்காக. குளிர்நாட்டு மீன்களின் காதுக்குள் இருக்கும் கல்லை அறுத்தால், மரத்தில் தெரிவதுபோல ஆண்டு வளையங்கள் தெரியும். நம் கடலில் வருஷம் முழுக்க வெதுவெதுப்பு என்பதால் அந்த வளையம் அவ்வளவு தெளிவாக விழாது. ஆகவே மாதாமாதம் ஏராளமான மீன்களின் நீளத்தை அளந்து, ஒரே சமயத்தில் பிறந்த கூட்டம் எப்படிப் பெரிதாகிக்கொண்டே போகிறது என்று பார்த்து வளர்ச்சியைக் கணிக்கிறோம். இதற்கான கணினி முறையை டேனியல் பாலி என்ற அறிஞர் பிலிப்பைன்ஸில் வேலை செய்த காலத்தில் உருவாக்கினார். வெப்ப நாடுகளில் வேலை செய்பவர்களுக்கு அது பெரிய விடுதலை.

அந்தக் கல்லைப் பார்க்கத் தூத்துக்குடி போக வேண்டாம். சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் கத்தாளை வாங்கு. தலையைக் குழம்பில் போடும் முன் மேலிருந்து பிளந்து பார். மூளைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கல் இருக்கும். கத்தாளை இனத்துக்கு அது பெரிது, லென்ஸ் இல்லாமலே தெரியும்.

கொளத்தூர், மேட்டூர் அணைப் பக்கம்: எங்கப்பா பரிசல்ல போய் அணையில மீன் பிடிக்கிறவர். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஆராய்ச்சியில என்னங்க இடம்?

உங்கள் அப்பாவைப் போன்றவர்களைக் கேட்காமல் விட்டதால் ஒரு நாடே பட்ட பாட்டைச் சொல்கிறேன். கனடாவின் நியூபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் நூற்றாண்டுகளாக வற்றாமல் கிடைத்தது. 1980களில் கரையோரச் சிறு மீனவர்கள் "மீன் குறைகிறது, சின்னதாக வருகிறது" என்று சொன்னார்கள். ஆழ்கடல் இழுவைக் கப்பல்களுக்கோ மீன் கிடைத்துக்கொண்டே இருந்தது. மிச்சமிருந்த மீன் ஓரிடத்தில் கூடியது, கருவிகளும் அதைத் தேடிப் பிடித்தன. அந்தப் பிடிப்பை நம்பிப் போட்ட மதிப்பீடு மிகையாகிவிட்டது. 1992இல் காட் மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. 2024இல்தான் தடையை நீக்கினார்கள், அதுவும் சிறிய அளவுக்கு. இன்று மீனவரிடம் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்வதே ஒரு ஆராய்ச்சி முறை. காற்றுக்கு வாடை, கச்சான், கொண்டல், நீரோட்டத்துக்கு நீவாடு என்று அவர்கள் வைத்திருக்கும் கணக்கு தெரியாமல் மன்னார் வளைகுடாவில் வேலை செய்ய முடியாது.

உங்கள் ஊருக்கே வருகிறேன். மேட்டூர் அணை 1934இல் வந்தது. அதற்கு முன் கடலிலிருந்து முட்டையிடக் காவிரியில் ஏறிய உல்லம் மீன், அணைக்குப் பிறகு அருகிப்போனது. பெரியவர்கள் யாராவது தங்கள் அப்பா, தாத்தா சொல்லி இதைக் கேட்டிருந்தால் எழுதி வையுங்கள், அது தரவு.

காவிரியின் கூன்முதுகு மாசீர் கதை இன்னும் ருசியானது. ஆள் கனம் இருக்கும் இந்த மீனைத் தூண்டில்காரர்கள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உலகம் முழுக்கப் பேசினார்கள். ஆனால் அது எந்த இனம் என்பது 2018 வரை தீரவில்லை. கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்து ஏற்கெனவே பெயரிடப்பட்ட டோர் ரெமாதேவி என்ற இனம்தான் இது என்று அந்த ஆண்டு வந்த ஆய்வு காட்டியது. அற்றுப்போகும் கடும் ஆபத்தில் உள்ள இனமாக அது உலகப் பட்டியலில் ஏறியதும் அந்த ஆண்டுதான். அந்தப் பெயருக்கு உரியவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மையத்தில் மீன்களை வகைப்படுத்திய விஞ்ஞானி ரேமாதேவி. பெயர் இல்லாத மீனுக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுத முடியாது, அதனால் வகைப்பாட்டியல்காரர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். இந்தப் படிப்புக்கு இப்போது ஆள் வருவதே குறைவு.

ஆத்தூர், ஒரு அப்பா: மேடம், பொண்ணு ஆசைப்படுது. சம்பளம், வேலை உத்தரவாதம் எப்படிங்க?

மறைக்காமல் சொல்கிறேன் ஐயா. மீன்வளமும் அடங்கிய வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வில் தேறி விஞ்ஞானியானால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். அதற்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். இடங்களோ சொற்பம், போட்டி பலம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023 முதல் இந்தத் தொகை. மாநில மீன்துறையில் ஆய்வாளர், சார் ஆய்வாளர், உதவி இயக்குநர் பதவிகள் உண்டு.

நடுவில் ஒரு காலம் வரும். திட்டப் பணியாளராக இரண்டு வருஷம், மூன்று வருஷம், திட்டம் முடிந்தால் அடுத்த திட்டம் தேட வேண்டும். கல்யாணப் பேச்சு எடுக்கும் வயசும் அதுவே. நல்ல பிள்ளைகள் பலர் அங்கேதான் விட்டுவிட்டுப் போகிறார்கள். வீட்டில் அந்த நாலைந்து வருஷம் பொறுமையாக இருந்தால் போதும். அரசு வேலையே கதி என்றும் இல்லை. இறால் பொரிப்பகம், தீவனக் கம்பெனி, ஏற்றுமதி ஆலைகளின் தரக்கட்டுப்பாடு என்று தனியாரில் பி.எப்.எஸ்சி. முடித்தவுடனேயே எடுக்கிறார்கள்.

சேலம் டவுன், பி.எஸ்சி. புள்ளியியல்: எனக்கு மீன் வாசனையே ஆகாது. கணக்கு மட்டும்தான் வரும்.

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கேரளத்தில் மத்தி மீன் 2012இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் இறங்கியது. 2021இல் 3,297 டன். ஏன்? கடல் வெப்பமா, பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவா, குஞ்சு மீனைப் பிடித்ததா, எல்லாம் சேர்ந்தா? இதற்கு ஒருவரால் விடை சொல்ல முடியாது. உயிரியலாளர் சினையைப் பார்ப்பார், கடலியலாளர் நீரோட்டத்தைப் பார்ப்பார், ஆனால் எல்லாவற்றையும் ஒரே கணித மாதிரிக்குள் கொண்டுவந்து சோதிக்கப் புள்ளியியல் தெரிந்தவர் வேண்டும். ஆர் (R) என்ற கணினி மொழியில் நிரல் எழுதப் பழகுங்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பம், பச்சையம் இவற்றைக் கொண்டு மீன் கூடும் இடங்களை மீனவருக்கு அறிவிக்கிறது. அங்கே கணினிக்காரர்கள்தான் அதிகம், மீன் வாசனை வராது.

அயோத்தியாப்பட்டணம், மாணவி: பொண்ணுங்களைக் கப்பல்ல விடுவாங்களா அக்கா?

விடுகிறார்கள். கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் அதிதி பந்த், புவியியலாளர் சுதீப்தா சென்குப்தாவோடு 1983இல் அண்டார்டிகா பயணத்திலேயே போய்விட்டார். நம் நாட்டின் ஆழ்கடல் மீன்வள ஆய்வுக் கப்பலான சாகர் சம்பதாவிலும் பெண்கள் போகிறார்கள். என்னைக் கேட்டால் கப்பலைவிடத் துறைமுகம்தான் சிரமம். விடிகாலை மூன்று மணிக்கு ஆட்டோ கிடைக்காது, பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது. விஞ்ஞானம் பேசும் கூட்டங்களில் இதைப் பேச ஆள் இல்லை. வேலைக்குச் சேரும் முதல் நாளே "வண்டி ஏற்பாடு உண்டா?" என்று கேள், கூச்சப்படாதே.

தாரமங்கலம்: பையன் பத்தாவதுதான். படிப்பு ஏறலை, மெஷின்னா உயிர்.

சிஃப்நெட் என்று ஒரு மத்திய அரசுப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கொச்சியில் தலைமை, சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள். மீன்பிடிக் கலம் ஓட்டும் பயிற்சி, கடல் இயந்திரப் பொருத்துநர் பயிற்சி இரண்டும் பத்தாவது முடித்தவர்களுக்கானவை, கணக்கிலும் அறிவியலிலும் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்பார்கள். வயது வரம்பும் உண்டு, தள்ளிப்போட வேண்டாம். நடுக்கடலில் வலை இழுக்கும் விஞ்சு நின்றுவிட்டால் விஞ்ஞானிகள் அத்தனை பேரும் கை கட்டி நிற்போம். அப்போது உங்கள் பையன்தான் ராஜா.

செவ்வாய்ப்பேட்டை: நாங்க சைவம். படிக்கலாமா?

தாராளமாக. சாப்பிடச் சொல்ல மாட்டார்கள், வயிற்றைக் கிழித்து என்ன தின்றிருக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். அதற்குச் சம்மதம் என்றால் சரி.

ஏற்காடு, பள்ளி ஆசிரியை: மலைமேல இருக்கிற பிள்ளைங்களுக்கு இப்பவே ஏதாவது செய்ய முடியுங்களா?

முடியும் டீச்சர். சேர்வராயன் மலைத் தண்ணீர் திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் இறங்கிக் காவிரிக்குத்தான் போகிறது. கடலில் முட்டையிட்டு ஆற்றில் வளரும் மீன் ஒன்று உண்டு, விலாங்கு. காவிரியில் எவ்வளவு தூரம் ஏறுகிறது, எந்த அணையில் நிற்கிறது என்று பிள்ளைகளைத் தேட வைக்கலாம். மலையில் கிடைக்காமல் போகலாம். கிடைக்கவில்லை என்பதையும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஓடை மீன்களையும் இப்படியே செய்யலாம். ஒரே இடம், மாதம் ஒரு முறை. ஒரு வெப்பமானி, ஒரு கண்ணாடிப் பாட்டில், ஒரு ஸ்கேல் போதும். மீனைப் பாட்டில் தண்ணீரிலேயே வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்துவிட்டு அதே இடத்தில் விடச் சொல்லுங்கள். படத்தில் மீனுக்குப் பக்கத்தில் ஸ்கேல் தெரிய வேண்டும். விரலை வைத்து எடுத்த படங்களால் எங்களுக்குப் பிரயோஜனமில்லை, பிள்ளைகளின் விரல்தான் வருஷா வருஷம் வளர்கிறதே.