சர்க்கரை சரிதான், குரல்தான் கூடிப்போச்சு

கேள்வி: எனக்கு வயது 27. மாதவிடாய் ஐம்பது, அறுபது நாளுக்கு ஒரு தடவைதான் வருகிறது. தாடையில் முடி, கழுத்தில் கறுப்பு, எடை 68 கிலோ. ஸ்கேன் பார்த்துவிட்டு ‘பிசிஓஎஸ்’, அதாவது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு என்றார் மருத்துவர். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை லிட்டருக்கு 5.2 மில்லிமோல்தான். ஆனாலும் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோளாறு சினைப்பையில், மருந்து மட்டும் நீரிழிவுக்கா? கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அம்மா.
– சிங்கப்பூர் ஈசூன் வாசகி

பதில்: கழுத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எலுமிச்சைத் தோல், கடலை மாவு எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்திருப்பீர்கள், இல்லையா? அது அழுக்கு இல்லை அம்மா. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மேல் இருந்தால் கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கறுத்துப்போகும். ரத்தப் பரிசோதனை சொல்லாததை உங்கள் கழுத்து சொல்லியிருக்கிறது.

சர்க்கரை சரியாக இருக்கிறது என்பதால் இன்சுலினும் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. சமையலறையிலிருந்து ஓர் அம்மா மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். அவன் காதில் இயர்ஃபோன். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் கத்தல். அவனும் வந்து உட்கார்ந்துவிடுகிறான், சோறும் ஆறவில்லை. ஆனால் வீவக அடுக்குமாடி வீட்டில் அந்தச் சத்தம் சுவரோடு நிற்குமா? பக்கத்து வீட்டில் பூனை கட்டிலுக்கடியில் ஓடிவிடும்.

அம்மா கணையம், அவர் குரல் இன்சுலின், மகன் சர்க்கரையைச் சாப்பிட வேண்டிய தசை, பக்கத்து வீடு சினைப்பை. தசைக்குக் காது மந்தமாகும்போது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை 5.2இல் பிடித்து நிறுத்துகிறது. சினைப்பைக்கோ காது நன்றாகவே கேட்கிறது. அவ்வளவு இன்சுலினும் சேர்ந்து தூண்டுவதால் அது ஆண்ட்ரோஜனை, அதாவது எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் இருக்கும் ஆண் ஹார்மோனை, அதிகமாகச் சுரக்கிறது. இன்னொரு பக்கம், டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் புரதம் ஒன்றைக் கல்லீரல் தயாரிக்கிறது. இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறையும். ஆக, சுரப்பதும் அதிகம், கட்டில்லாமல் திரிவதும் அதிகம். தாடை முடிக்குக் காரணம் இதுதான். முட்டைப் பைகளும் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன.

ஸ்கேனில் தெரியும் ‘நீர்க்கட்டிகள்’ அப்படி நின்றுபோன பைகள்தான், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கட்டி என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படாதீர்கள். 1935இல் ஸ்டைன், லெவெந்தால் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் சினைப்பையைப் பார்த்து இதை விவரித்தார்கள். பெயரும் அங்கேயே ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால், நோயாளிகளைக் குழப்புவதே அந்தப் பெயர்தான்.

பிசிஓஎஸ் உள்ள எல்லாருக்கும் இன்சுலின் சிக்கல் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பலருக்கு உண்டு, ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரலாம். நம் இந்திய உடல்வாகுக்குக் கொஞ்சம் எடை கூடினாலே போதும்.

அதனால்தான் மெட்ஃபார்மின். அது கணையத்தின் குரலைத் தணிக்கும் மருந்து. முதல் சில வாரம் வயிறு கலக்கலாம், சாப்பாட்டோடு போடுங்கள். அடுத்த தடவை போகும்போது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். வெறும் வயிற்றில் நல்ல பிள்ளையாக இருக்கும் சர்க்கரை, அதில் சில சமயம் மாட்டிக்கொள்ளும். இன்சுலினையே அளக்கும் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சிகிச்சைக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

மருந்தைவிட எனக்கு நம்பிக்கை நடையில். தசை வேலை செய்யும்போது, இன்சுலின் கூப்பிடாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பையன் தானாக எழுந்து சாப்பிட வருகிற மாதிரி! இரவுச் சாப்பாடு முடிந்ததும் புளோக்கைச் சுற்றி இருபது நிமிடம் நடந்து பாருங்கள். சோற்றை விடச் சொல்லவில்லை, முதலில் கிளாஸைக் கவனியுங்கள். பானங்களுக்குச் சிங்கப்பூரில் போடும் நியூட்ரி-கிரேட் தரக்குறியீட்டில் ‘டி’ என்றால் 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. சாயங்காலம் குடிக்கிற பபிள் டீயை பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ ஆக்கினால் பாதி வேலை முடிந்தது. எடையில் 5 விழுக்காடு இறங்கினாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்கும். உங்கள் கணக்கில் அது மூன்றரைக் கிலோகூட இல்லை.

மாதவிடாய் 90 நாள் தாண்டினால் மட்டும் காத்திருக்காதீர்கள். கருப்பையின் உள்சவ்வு வெளியேறாமல் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல, மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அப்புறம் அம்மா. கல்யாணத்துக்கும் இன்சுலினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். பேத்தி பிறக்குமா என்பதுதான் அவருடைய உண்மையான கவலை என்றால், பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலானோர் தாயாகிறார்கள், சிலர் சிகிச்சையோடு. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.