தரங்கம்பாடியின் பிறந்தநாள் எது?

வணக்கம். நான் பொறையாற்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். நவம்பர் 20 அன்று தரங்கம்பாடியின் பிறந்தநாள் விழா எடுக்கலாம் என்று நண்பர்கள் சிலர் பேசி வருகிறோம். 1620-இல் அந்த நாளில்தான் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டேனிஷ்காரர்களுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனால், அயலார் வணிகம் செய்ய வந்த நாளை ஊர் பிறந்த நாளாகக் கொண்டாடலாமா என்று எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்துள்ளது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

— ஒரு வாசகி, பொறையாறு

அன்புள்ள சகோதரிக்கு,

விழாவை அவசியம் எடுங்கள். நவம்பர் 20 அன்றே எடுங்கள். ஆனால் அதற்குப் பிறந்தநாள் என்று மட்டும் பெயரிட வேண்டாம். உங்கள் நண்பர்களின் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது.

கடற்கரையில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஐ ஒட்டி எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்ற பெயரை ஓர் அரசன் தன் பெயரோடு சேர்த்துச் சூட்டுகிறான் என்றால், அன்றே இங்கே கடல்வழி வணிகம் நடந்திருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. டேனிஷ் கப்பற்படைத் தலைவர் ஓவ் கெட்டேயின் கப்பல்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயரும் கோயிலும் பெற்றிருந்த ஊரை 1620-இல் பிறந்ததாகச் சொன்னால், பள்ளிப் பிள்ளைகள் அதையே உண்மை என்று எண்ணி வளர்வார்கள்.

அதற்காக உடன்படிக்கையைச் சிறிதாக்கவும் வேண்டியதில்லை. ஆண்டுக்கு 3,111 ரூபாய் திறை என்ற ஏற்பாட்டில் நிலம் பெற்று, டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, மிளகு ஏற்றிச் சென்றார்கள். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. மடலின் மொழி தமிழ். நாயக்கரின் கையொப்பம் தெலுங்கு. பனையோலையின் வடிவிலேயே பொன்னைத் தட்டி, அதில் தமிழில் எழுதிக் கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. அந்த மடலின் பெரிய படம் ஒன்றை விழாப் பந்தலில் வையுங்கள். அந்தக் குடியேற்றத்தை 1845-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு டேனிஷ்காரர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் எங்கும் போகவில்லை.

எனக்கு இன்னும் நெருக்கமான நாள் 1706 ஜூலை 9. அன்று வந்திறங்கிய ஜெர்மானியக் கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஆசிரியையான உங்களுக்கு அந்தக் காட்சியை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டைத் தலைவருடன் ஏற்பட்ட பூசலில் நான்கு மாதம் அதே கோட்டைக்குள் சிறையிருந்தவரும் அவர்தான். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் பெரியனவாக இருந்ததால் காகிதம் போதவில்லை. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றின் அருகே காகிதப் பட்டறை ஒன்றையும் நிறுவினார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் நிலைத்துவிட்டது. உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் காரணம் தெரியாமலே சொல்லிக்கொண்டிருப்பார்கள்! விழாவுக்கு முந்தைய வாரம் அவர்களை அங்கே அழைத்துச் சென்று, பெயர் வந்த கதையை நின்ற இடத்திலேயே சொல்லுங்கள்.

வழக்கமாக இத்தகைய விழா நகர வாயிலில் தொடங்கி, அரசர் வீதி வழியாகப் புதிய எருசலேம் ஆலயத்தைக் கடந்து கோட்டையில் முடியும். நீங்கள் கோயிலில் தொடங்குங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முறை அங்கே சென்றபோது, முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டிருந்தது; செதுக்கிய கல் ஒன்று பாதி மணலில் புதைந்து கிடக்க, ஒவ்வோர் அலையும் அதன் மேல் ஏறி வடிந்தது. பக்கத்தில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தம் சிறுவயதில் கடல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். பாண்டியன், நாயக்கர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் மாறியபோதெல்லாம் இதே கரையில் இருந்தவர்கள் மீனவர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோதும் முதல் அடியைத் தாங்கியவர்கள் அவர்களே. ஆகவே மேடையில் அறிஞர்களை அமர்த்துவதற்கு முன், மீனவர் தெருவுக்குச் சென்று பஞ்சாயத்தாரிடம் பேசுங்கள். விழாவைத் தொடங்கி வைக்கும் உரிமையை அவர்களுக்கே கொடுங்கள்.

துண்டறிக்கை அச்சிடும்போது முதல் வரியில் ‘சடங்கன்பாடி என்னும் தரங்கம்பாடி’ என்று போடுங்கள். உடன்படிக்கை ஆண்டு அதற்கு அடுத்த வரியில் வரட்டும். விழா உறுதியானதும் எனக்கு எழுதுங்கள்; நான் வருகிறேன்.

அன்புடன்