மெலனோமாவுக்குப் பின் பித்தப்பையில் பாலிப்: உடனே அறுவை சிகிச்சையா?

கேள்வி: தந்தையின் உள்ளங்காலில் இருந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோயை நான்கு ஆண்டுகளுக்கு முன் அகற்றினார்கள். இப்போது அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் 14 மி.மீ. பாலிப் (உட்சுவரில் வளரும் சதைத் திரட்சி) என்கிறார்கள். வலி இல்லை. தோல் புற்றுநோய் அங்கே பரவுமா? கல்லாக இருக்கலாம், கரைத்துவிடலாம் என்று ஒருவர் பொடி தருகிறார்.

பதில்: பரவும். அபூர்வம்தான், ஆனால் மெலனோமா ரத்தத்தின் வழியே பித்தப்பைச் சுவருக்குப் போய், உள்நோக்கிப் பாலிப் போலவே வளரக்கூடியது. பித்தம் வெளியேறும் வழியை அடைக்கும்வரை பெரும்பாலும் வலிக்காது. நான்கு ஆண்டு கடந்துவிட்டதும் ஆறுதல் இல்லை. பத்தாண்டுக்குப் பிறகும் திரும்பி வந்திருக்கிறது.

முதலில் பொடியைத் தூக்கி எறியுங்கள். கல்லையே கரைக்காத பொடி கட்டியை என்ன செய்யும்? பணத்தோடு நாளும் போகும். எனக்கு நாள்தான் கவலை.

கல்லா, கட்டியா என்பதை ஸ்கேனிலேயே ஓரளவு சொல்லலாம். நோயாளியை இடப்பக்கம் புரண்டு படுக்கச் சொன்னால் கல் உருளும், பின்னால் கரிய நிழல் விழும். கட்டி சுவரிலேயே நிற்கும், நிழல் விழாது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கெட்டியான பித்தக் கசடு சில சமயம் அசையாது, நிழலும் விழாது. அப்படியே கட்டி மாதிரித் தெரியும். சிறிய கல் சுவரில் ஒட்டிக்கொண்டாலும் நகராது. ஆகவே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் உள்ளே ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டம் தெரிந்தால் அது கசடு அல்ல. தெரியாவிட்டால் கட்டியே இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

'இன்றே லேப்ராஸ்கோப்பி, பேக்கேஜில் முடித்துத் தருகிறேன்' என்னும் இடைத்தரகர்களிடம் சிக்காதீர்கள். முதலில், நோய் உடலில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று காட்டும் பெட் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். நோய் பித்தப்பையில் மட்டும் இருந்தால் அறுவை சிகிச்சைக்கு அர்த்தம் உண்டு. நுரையீரல், கல்லீரல் என்று பரவியிருந்தால் மருந்துதான் முதலில். உடலின் எதிர்ப்பாற்றலைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும், 2011 முதல் வந்த இம்யூனோதெரபி மருந்துகள் நிலைமையை வெகுவாக மாற்றியிருக்கின்றன. அறுவை என்று முடிவானால், பித்தப்பையைக் கிழியாமல் பைக்குள் போட்டு எடுப்பார்களா என்று கேளுங்கள். உள்ளே சிந்தினால் புற்றணுக்களும் சிந்தும்.

என் பெரிய எரிச்சல் இதுதான்: தோல் மருத்துவரின் கோப்பு ஒரு அலமாரியில், ஸ்கேன் இன்னொன்றில். திசுப் பரிசோதனைப் படிவத்தில் 'பித்தப்பை' என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மெலனோமாவுக்கான எஸ்-100, எச்.எம்.பி.-45 சோதனைகளைச் செய்ய வேண்டும் என்று ஆய்வகத்துக்கு எப்படித் தோன்றும்? 'உள்ளங்காலில் மெலனோமா இருந்தது' என்று படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பழைய அறிக்கையின் நகலை அதோடு இணையுங்கள். மருந்தைத் தேர்வுசெய்ய உதவும் பி-ராஃப் மரபணுச் சோதனை இதுவரை செய்யவில்லை என்றால், உள்ளங்கால் மெலனோமாவின் பழைய திசுக் கட்டை (மெழுகில் பதித்து வைத்த திசு) ஆய்வகத்தில் இன்னும் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.